விளிம்பில் போட்ட வரப்பு

மண் விழுகிற சத்தம் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். இடி மேலேயிருந்து வரும். இது காலுக்குக் கீழேயிருந்து வரும். முதலில் ஒரு முனகல், பிறகு வேர் அறுபடுகிற சத்தம், கடைசியில் தொம்மென்று ஒன்று. அதன் பிறகு கொஞ்ச நேரம் கோழிகூட வாயைத் திறக்காது. அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவாள். நிலத்தில் எவ்வளவு போயிற்று என்று பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வாள்.

கருவடிக்குப்பத்துக்கு மேற்கே இருக்கும் செம்மண் மேட்டின் கிழக்கு விளிம்பில் எங்கள் வீடு இருந்தது. விளிம்பு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் வரிசையாகச் சில பனைமரங்கள், அதற்கு அப்பால் நிலமே கிடையாது. பனை உயரத்துக்குச் செங்குத்தாக இறங்குகிற பள்ளம். மழைத்தண்ணீர் வருஷா வருஷம் மேட்டை அரித்து உண்டாக்கிய பள்ளம் அது. கீழே நின்று பார்த்தால் சுவர் முழுக்கச் சிவப்பு, நடுநடுவே வெள்ளைக் கோடு. குதிரை வண்டியில் வந்து பார்க்கிற துரைமார்கள் அழகு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் வீடு கடற்கரைப் பக்கம் கல்லும் சுண்ணாம்புமாக அசையாமல் நின்றது. அவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும்.

அந்த நிலம் அம்மாவின் சீதனம். அம்மாவைப் பெற்ற தாத்தா, பத்திரம் எழுதுகிற நொத்தேரிடம் போய்ச் சொத்தைப் பிரித்து எழுதியபோது, பள்ளத்துக்குக் கீழே கிணற்றோடு இருந்த நன்செய்யை மகனுக்கு எழுதினார். மேலே வானம் பார்த்த செம்மண்ணை மகளுக்கு எழுதினார். பெண்பிள்ளைக்குக் கொடுத்தேன் என்று ஊருக்குச் சொல்லவும் ஆயிற்று, நல்லதை மகனுக்கு ஒதுக்கிக்கொள்ளவும் ஆயிற்று. அம்மா இதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கீழே இருந்தது அவள் தம்பி, என் மாமா. தாயில்லாத பிள்ளை என்று அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். முரட்டு ஆள், எடுத்ததற்கெல்லாம் கை ஓங்குவார். அக்கா என்று கூப்பிடும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

என் அப்பா பாகூர்க்காரர். ஏரியும் மடையும் வரப்புமாக வளர்ந்தவர். பிழைப்புக்காகப் புதுச்சேரி வந்து பஞ்சாலையில் மூட்டை தூக்கினார். வேலை குறைந்துபோய் ஆலையில் ஆட்களை வெளியே தள்ளிய காலம் அது, இரண்டாவது உலகச் சண்டைக்குச் சில வருஷம் முன்பு. அப்பாவையும் தள்ளினார்கள். அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் மேட்டுக்கு வந்து மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேழ்வரகும் போட ஆரம்பித்தார். தரையைக் கொத்தியதும் மழை அதை இன்னும் சுலபமாக வாரிக்கொண்டு போயிற்று. எங்கள் நிலம் கரைந்து பள்ளத்தில் இறங்கி, மாமாவின் நாற்றின்மேல் செம்மணலாகப் படிந்தது. ஒருவர் நஷ்டம் இன்னொருவருக்கு லாபமானால் சண்டையிலாவது ஒரு நியாயம் இருக்கும். இங்கே இரண்டு பேருக்கும் நஷ்டம், இரண்டு பேருக்கும் எதிராளியின் மேல்தான் கோபம்.

சண்டை என்றால் வாய்ச்சண்டை இல்லை. ஒரு ஐப்பசியில் மாமா மேலே ஏறிவந்து எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைகளை ஒவ்வொன்றாக உதைத்து உடைத்தார். அப்பா அவர் வண்டிமாட்டை அடித்து அதன் கொம்பை முறித்தார். ஒருநாள் பெரிய மார்க்கெட்டில், அப்பா மல்லாட்டை மூட்டையோடும் மாமா கீரைக்கட்டோடும் நேருக்கு நேராக வந்துவிட்டார்கள். மீன்காரிகள் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு விலகுகிற அளவுக்கு இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். மாமாவின் காது கிழிந்தது. அப்பாவின் முன்பல் போயிற்று. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர்கள் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்துப்போய் ஒரே அறையில் அடைத்தார்கள். அங்கேயும் அடித்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

அம்மா இரண்டு பேருக்கும் சோறு கொண்டுபோனாள். புருஷனுக்கு ஒரு தூக்கு, தம்பிக்கு ஒரு தூக்கு. நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது தாவணி போடுகிற வயது. கம்பிக்கு உள்ளே இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, அவள் குழம்பைப் பிசைந்து தின்றார்கள். எனக்கு அந்தச் சோற்றைப் பிடுங்கிக் குப்பையில் கொட்ட வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் மாதா கோயில் சாமியார் இருவரையும் கூப்பிட்டு விட்டார். அங்கேதான் அப்பா அந்த யோசனையைச் சொன்னார். மேட்டு விளிம்பு நெடுகப் பெரிய வரப்பு ஒன்று போட்டுவிடுவது. பெய்கிற மழையெல்லாம் எங்கள் நிலத்திலேயே நிற்கும், அங்கேயே ஊறும். மேலேயிருந்து ஒரு சொட்டும் இறங்காது, மாமாவுக்கும் மணல் வராது. பாகூர்க்காரருக்குத் தண்ணீர் என்றால் கட்டித் தேக்க வேண்டிய பொருள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் கை தானாக மண்ணை அள்ளும். சமவெளியில் அது சரி, அங்கே தண்ணீருக்கு விழுவதற்கு இடமில்லை. பள்ளத்தின் வாயில் குளம் கட்டலாமா என்று அவரையும் யாரும் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மாமாவும் நன்செய்க்காரர்தானே, அவருக்கும் யோசனை பிடித்துப்போயிற்று.

மற்றவர்கள் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வார்கள். எங்கள் ஆட்கள் அதையே மெழுகுவர்த்தியில் செய்தார்கள். மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, அப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார். இந்த மேட்டுத் தண்ணீரை மச்சான் நிலத்துக்கு விடமாட்டேன் என்று அவர் சொன்னார். இனி அக்கா வீட்டு வாசலில் கை ஓங்கமாட்டேன் என்று மாமாவும் தன் மெழுகுவர்த்தியை அணைத்தார். அம்மா பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். நிலம் அவளுடையது. அவளை யாரும் முன்னால் கூப்பிடவில்லை.

இருவரும் சேர்ந்தே வரப்பைப் போட்டார்கள். இடுப்பு உயரம், மேலே ஆள் நடக்கிற அகலம். வீட்டு மூலையிலிருந்து தொடங்கி, கொட்டகைக்கும் பனைகளுக்கும் நடுவில் போய், தெற்கே பழைய ஓடை பள்ளத்தில் இறங்குகிற வாயையும் அடைத்து முடித்தார்கள். அந்த வருஷம் மழை குறைவு. விழுந்ததெல்லாம் நின்று ஊறி, மல்லாட்டை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. மாமாவின் வயலில் ஒரு பிடி மணல் விழவில்லை. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். அப்பாவும் மாமாவும் ஒரே புட்டியில் சாராயம் குடித்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போட்டுக்கொண்டு அழுதார்கள். அம்மாவின் முகத்தை அன்று மாதிரி நான் பிறகு பார்த்ததே இல்லை.

அடுத்த வருஷம் கார்த்திகையில் புயல் பிடித்தது. வானம் விடவே இல்லை. எங்கள் நிலம் முழங்கால் ஆழத்துக்குச் சிவப்புக் குளமாக நின்றது. அப்பா கோணிச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பின்மேல் நடந்து நடந்து பார்த்தார், எங்கேயும் ஒழுகவில்லை என்று பெருமையாகச் சொன்னார். அந்த மழையிலும் பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையோடு வந்த மீன்காரி, போன வருஷம் கடல் சிவக்கவில்லையே, மேட்டு மண்ணை எங்கே ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்று கேலி பேசிவிட்டுப் போனாள். அப்பாவுக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

வெடிப்பை முதலில் பார்த்தவள் அம்மா. கொட்டகைக்குப் பின்னால், வரப்புக்கும் பனைகளுக்கும் நடுவே, விளிம்போடு விளிம்பாக ஒரு கோடு ஓடியது. விரலை விட்டுப் பார்த்தாள். கையை விட்டாள். முழங்கை வரை இறங்கியது. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது என்று என்னிடம் சொன்னாள். நான் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். செங்குத்தான சுவரில் பாதிக்குக் கீழே, அதுவரை காய்ந்தே கிடந்த இடத்தில், சிவப்பாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சீழ் வைத்த புண்ணைப்போல இருந்தது.

அப்பாவிடம் சொன்னோம். அவர் வைக்கோலும் களிமண்ணும் பிசைந்து வெடிப்பை அடைத்தார். பாகூரில் ஏரிக்கரை வெடித்தால் அப்படித்தான் அடைப்பார்களாம். மறுநாள் காலையில் வைக்கோலைக் காணோம். வெடிப்பு ஒரு காலை முழுங்குகிற அகலம் ஆகியிருந்தது. பனைகள் தலையைப் பள்ளத்தின் பக்கம் சாய்த்திருந்தன. அம்மா மாடுகளை அவிழ்த்து ஓட்டிப்போய் மேற்கே முந்திரித் தோப்பில் கட்டிவிட்டு வந்தாள். அவள் திரும்பிய நேரத்தில் வடக்கோரப் பனைகள் இரண்டும் வேரோடு போயின. வீட்டுச் சுவர் கூரையிலிருந்து தரைவரைக்கும் கீறிக்கொண்டது. அடுப்பில் இருந்த கஞ்சிப்பானை தானாகக் கவிழ்ந்தது.

அம்மா நேரே அப்பாவிடம் போனாள்.

"தெக்கு மூலையில வரப்ப வெட்டி வுடுங்க. தண்ணி போனாத்தான் மண்ணு நிக்கும்."

அப்பா வரப்பின்மேல் உட்கார்ந்திருந்தார். கீழே மாமாவின் வயலில் சம்பா கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற சமயம். தெற்கு மூலையைத் திறந்தால் அத்தனை தண்ணீரும் மணலும் பழைய ஓடை வழியாக அதன்மேல்தான் போய் விழும். அது அம்மாவுக்கும் தெரியும்.

"மாதா முன்னாடி குடுத்த வாக்கு," என்றார் அப்பா. "வூடு போனாலும் போவட்டும்."

வீடு போனால் போகட்டும் என்று சொல்ல ஒரு மனிதனால் எப்படி முடிகிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. வீட்டுக்குள் நான் இருந்தேன், அவள் இருந்தாள். வாக்கு தவறாத மனிதன் என்ற பேரை வைத்துக்கொண்டு எந்தக் கூரையின் கீழ் படுப்பதாக இருந்தார்? அம்மா சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தாள்.

"வாக்குக் குடுத்தது நீங்களும் அவனும். என்ன யாரும் கேக்கல. நான் சத்தியம் பண்ணல."

முட்டியளவு தண்ணீரில் இறங்கி அவள் தெற்கு மூலைக்குப் போய்ச் சேரும்வரை அப்பாவுக்கு அவள் செய்யப்போவது புத்தியில் ஏறவில்லை. மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்து ஓடினார். அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா மண்வெட்டியைப் பிடுங்கினார். அவள் விடவில்லை. இரண்டு பேரும் சேற்றில் இழுபட்டார்கள். பிடுங்கியவர் அதன் காம்பைத் திருப்பி அவள் முன்கையில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. நான் ஓடிப்போய் அப்பாவின் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் வருகிறவரை விடவில்லை. அவர் என்னை உதறித் தள்ளினார், நான் தண்ணீரில் விழுந்தேன். அன்று எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு லேசானதல்ல. செத்துப்போ என்று மனதார நினைத்தேன்.

ஆனால் வெட்டு விழுந்துவிட்டது. ஒரு சாண் அகலம் இருந்த வாய் எங்கள் கண்ணெதிரே ஒரு முழமாயிற்று, ஒரு ஆள் அகலமாயிற்று. தண்ணீர் உறுமிக்கொண்டு பள்ளத்தில் குதித்தது. முறிந்த கையோடு உட்கார்ந்திருந்த அம்மாவைத் தாண்டி அப்பா போய், அந்த வாயை அடைக்க மண்ணை அள்ளிப் போட்டார். போட்டது போட்டபடி ஓடியது.

கீழே மாமா தன் வயலில்தான் இருந்திருக்கிறார். கதிரின்மேல் சிவப்புத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும், சுற்றுப்பாதையை விட்டுவிட்டு ஓடையின் பக்கச் சரிவிலேயே வேரைப் பிடித்து ஏறி வந்தார். தோளில் மண்வெட்டி, முதுகில் ஒரு வைக்கோல் கட்டு. அவருக்கு அக்காவின் கை தெரியவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. வெளிப்புறமாக, விளிம்பை ஒட்டிய அந்தத் துண்டு நிலத்தில் நின்று, வைக்கோல் கட்டை வெட்டுவாயில் திணித்து, முதுகைக் கொடுத்துத் தண்ணீரை அடைத்தார். அந்தத் துண்டுக்கும் எங்களுக்கும் நடுவில்தான் வெடிப்பு ஓடியது. அதன்மேல் தண்ணீர் புரண்டதால் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

"தம்பி, அங்க நிக்காத. இந்தப் பக்கம் ஏறி வந்துடு," என்று கத்தினாள் அம்மா.

மாமா அப்போதுதான் மண்வெட்டியை அடையாளம் கண்டார் போலிருக்கிறது. அது அம்மாவின் காலடியில் கிடந்தது. வரப்பை வெட்டியது யார் என்று அவருக்குப் புரிந்தது.

"வயித்துலயே அடிச்சிட்டியே அக்கா," என்றார்.

குரல் இறங்கித்தான் இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அம்மா முறிந்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நல்ல கையை நீட்டியபடி அவரை நோக்கி ஊர்ந்தாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் வைக்கோலைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார். அப்பா அம்மாவின் கூந்தலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அதே நேரத்தில் அந்த முனகல் கேட்டது. மிச்சப் பனைகள், மாமா, வரப்பில் பாதி, வெடிப்புக்கு இந்தப் பக்கம் இருந்த கொட்டகைகூட, எல்லாம் ஒரே தகடாக, நின்ற நிலையிலேயே இறங்கின. மாமாவின் தலை எங்கள் கால் மட்டத்துக்கு வந்தது. பிறகு அந்த இடத்தில் வெறும் மழை பெய்தது.

தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் அவர்மேலேயே போய் விழுந்தது. நாங்கள் சுற்றுப்பாதையில் ஓடி இறங்கியபோது அத்தை வயலில் நின்று, எங்கே அவர், எங்கே அவர் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் காப்பாற்ற ஓடிய கதிர் எல்லாம் மண்ணுக்கு அடியில் கிடந்தது. குப்பத்து ஆண்கள் கூடித் தோண்டினார்கள். மண்வெட்டி உடம்பில் பட்டுவிடும் என்று பயந்து கையாலேயே வாரினார்கள். அப்பா நாயைப்போலத் தோண்டினார், நகம் பிய்ந்து தொங்கியது. அம்மா ஒற்றைக் கையால் தோண்டினாள். போ என்று யார் சொன்னாலும் காதில் வாங்கவில்லை. மாலை பூசை மணி அடித்தபோது கிடைத்தார். வாய் நிறைய மண். முதுகில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அத்தை தன் முந்தானையால் அந்த வாயைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், மண் வந்துகொண்டே இருந்தது.

போலீஸ் கொம்மிசேர் வந்து விசாரித்தார். மழையில் கரை இடிந்தது என்று அப்பா சொன்னார். அம்மாவின் கை என்ன ஆயிற்று என்றதற்கு வழுக்கி விழுந்தாள் என்றார். அம்மா மறுத்துப் பேசவில்லை. ஊர் மட்டும் சும்மா இருக்குமா? அக்காக்காரி வரப்பை வெட்டித் தம்பியைக் கொன்றாள் என்றது பாதி ஊர். வரப்பைப் போட்ட அன்றே அவன் சாவு எழுதியாயிற்று என்றது மீதி. இத்தனை வயதுக்குப் பிறகு என்னைக் கேட்டால், ஒரு வருஷம் முழுக்க மண்ணுக்குள் தண்ணீரை ஏற்றிவிட்டுக் கடைசி நாளில் இறக்கப் பார்த்தால் அது இறங்கிப் போகாது, இடித்துக்கொண்டுதான் போகும். அம்மா வெட்டியது தப்பில்லை. தாமதமாக வெட்டினாள். அதற்கு முன்னால் வெட்டச் சொல்லி அவளை யார் கேட்டார்கள்? ஆனால் இதையெல்லாம் நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கேட்கிறவளும் இல்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் பெட்டியை இறக்கினார்கள். குழியைச் சுற்றிக் குவித்திருந்ததும் எங்கள் மேட்டு நிறத்து மண்தான். அத்தை அழுகையை நிறுத்திவிட்டு நேரே அம்மாவிடம் வந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி, அம்மாவின் முகத்தில் வீசித் தூற்றினாள். உன் குடி விளங்காது என்றாள். யாரோ அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அம்மாவின் கண்ணிலும் வாயிலும் தலைமயிரிலும் செம்மண். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கை கழுத்தில் தொங்கியது, இன்னொரு கை நன்றாகத்தான் இருந்தது. அதை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. நான் துடைக்கப் போனேன், தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்துக் குழியை மந்திரித்து முடித்தார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் அள்ளிக் குழியில் போட்டார்கள். கூடப்பிறந்தவள் போடாமல் குழியை மூடக்கூடாது என்று உபதேசியார் அம்மாவைக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. சாமியாரே இறங்கிவந்து, போடம்மா என்று மெதுவாகச் சொன்னார்.

"எம் பங்கு மண்ண நேத்தே போட்டுட்டேன் சாமி," என்றாள் அம்மா.

அவளுக்கு அடுத்து அப்பா நின்றிருந்தார். கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றியவர். அவர் குனிந்து ஒரு பிடி அள்ளிப் போட்டார்.